ஊத வைக்கிறவள்

காரைக்குடியில் மூச்சுத் திணறல் என்று டாக்டர் ஸ்ரீநிவாசனிடம் போனவர்களுக்கு அழகம்மாளைத் தெரியாமல் இருக்காது. டாக்டரின் பெயர் மறந்துபோனவர்கள்கூட, "ஊதச் சொல்லுமே ஒரு அம்மா, அந்த ஆஸ்பத்திரிக்குப் போ" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லி வந்து இறங்கியதுண்டு. இதை அவளிடம் சொன்ன ஆட்டோக்காரரை அழகம்மாள் இன்னொரு தடவை சொல்ல வைத்துக் கேட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே, கட்டில் போட்டால் கதவு மூடாத அளவுக்கு ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து வயர் நீளும் கைப்பிடி, முனையில் செருகுகிற அட்டைக் குழாய், மூக்கை அடைக்க ஒரு கிளிப். வந்தவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயைக் கவ்வி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். ஊதி நிறுத்திவிடக் கூடாது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்கிறவரை, ஆறு நொடியாவது ஊத வேண்டும். நுரையீரல் எப்படி இருக்கிறது என்று திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக் காட்டிவிடும். கேட்பதற்கு எளிது. ஆனால் மனிதர்கள் அப்படி ஊதுவதில்லை. நாலு பேர் பார்க்கக் கன்னம் உப்ப வெட்கப்படுவார்கள்; பாதியில் சிரிப்பார்கள்; தோற்றுவிடுவோமோ என்கிற பயத்திலேயே மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அவர்களை ஊத வைப்பதுதான் வேலை.

அதில் அழகம்மாளை மிஞ்ச ஆள் இல்லை. ஊதுகுழலால் தீயை ஊதி, பொடி வைத்து நகை பற்றவைக்கிற பத்தர் வந்தால், "ஊதுகுழல்ல தீ அறுந்துரக் கூடாது பத்தரே, அறுந்தா பொடி ஒட்டாது" என்பாள். விறகடுப்பு பார்த்த பெண்களிடம், "ஈர விறகுத்தா, புகையுது, விட்றாத, விட்றாத" என்பாள். பெரிய வீட்டு ஆச்சிமாரிடம் மட்டும் அதட்டல் கிடையாது. "இன்னுங் கொஞ்சம் ஆச்சி, இன்னுங் கொஞ்சம்" என்று பந்தியில் பரிமாறுகிற குரலில் கெஞ்சுவாள். அவர்களும் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே கடைசிவரை ஊதிவிடுவார்கள். திரையைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள், இது தேறும், இது தேறாது என்று.

இதற்கெல்லாம் அவளிடம் ஒரு சான்றிதழும் இல்லை. ஒக்கூரில் தச்சு ஆசாரி வீட்டில் பிறந்து, பத்தாவது முடித்து, தச்சு வேலை பார்க்கும் முத்தையாவுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபத்துநாலு வயதில் இந்த மருத்துவமனைக்குத் தரை துடைக்க வந்தவள். மெஷின் வந்தபோது கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினீயர் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். அதைக் கற்றுக்கொண்ட டெக்னீஷியன் மூன்றாம் மாதமே திருச்சிக்குப் போய்விட்டார். இரண்டு நாளும் மாப்போடு வாசலில் நின்றவள் அழகம்மாள். "நீ பாத்துக்கிறியா?" என்று டாக்டர் கேட்டார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம்.

மீனலோசனி வந்தது போன ஆனி மாதத்தில்.

வலையபட்டிப் பெண். சென்னையில் மூச்சுச் சிகிச்சைக்கென்றே நாலு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தாள். வயது இருபத்தைந்து. வெள்ளைக் கோட்டின் மேல்பையில் நீல நூலால் பெயரும், பெயருக்குக் கீழே 'ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்' என்றும் தைத்திருந்தது. அழகம்மாளுக்கும் கோட்டு உண்டு. அதில் ஒன்றும் தைத்திருக்காது. முதல் நாள் அவள் கண் அந்த நீல நூலில் போய் நின்றதுதான். அப்புறம் எடுக்க முடியவில்லை.

அந்தப் பெண் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்திருக்கும். "அக்கா, நீங்க எப்படி இந்த ஆச்சிய ஊத வச்சீக? நான் மூணு தடவை சொல்லியும் ஊதலையே" என்று கேட்பாள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். அதுவும் அழகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் வாயில் இருந்ததை ஒருத்தி நாலே வாரத்தில் நோட்டில் வாங்கிக்கொண்டு போகிறாள். அழகம்மாள் கையில் இருந்து எப்போது போயிற்று என்று தெரியாமல் சின்னச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் மெஷினுக்கு மூன்று லிட்டர் காற்றை ஏற்றிச் சரிபார்க்கிற வேலை போயிற்று. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் மீனலோசனி பெயர் வந்தது. டாக்டர் அறைக் கதவைத் திறந்து முன்பெல்லாம் "அழகு" என்பார். இப்போது "மீனா" என்கிறார்.

வீட்டில் முத்தையா ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள வந்ததுலேருந்து நம்ம வீட்டுல மூணு பேரு சாப்பிடுறோம் போல."

"என்னத்தச் சொல்றீக?"

"குழம்பு ஊத்துறப்ப ஒரு தடவை அது பேரு வருது, ரசத்துக்கு ஒரு தடவை. மோருக்கு வாரதுக்குள்ள எந்திரிச்சுக்கிறேன்."

"நான் ஒன்னும் பொறாமையில சொல்லல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார் முத்தையா.

ஆவணியில் டாக்டர் ஓர் ஆய்வை ஆரம்பித்தார். பழைய வீடுகளில் இருந்து கழற்றி வருகிற கதவு, தூண், அலமாரி எல்லாவற்றையும் தேய்த்துப் பாலிஷ் போட்டு விற்கிற பட்டறைகள் ஊரில் நிறைய. கையால் தேய்த்த காலம் போய், இப்போது மெஷின் வைத்துத் தேய்க்கிறார்கள். தேக்குத் தூசியும் நூறு வருஷத்து வார்னிஷ் தூசியும் பட்டறைக்குள் மஞ்சு மாதிரி நிற்கும். அங்கே வேலை பார்க்கிற அறுபது பேரை ஊத வைத்து, நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. மதுரையில் ஒரு கமிட்டி படித்துப் பார்த்து அனுமதி கொடுத்திருந்தது. மீனலோசனிதான் நடத்துவாள். அழகம்மாள் கூடப் போவாள்.

"ஹெல்ப்புக்கு" என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு சொல்லை அழகம்மாள் தொண்டையில் சிக்கிய பருக்கை மாதிரி வெகு நாள் வைத்திருந்தாள்.

முதலில் போனது நாச்சியப்பனின் பட்டறைக்கு. பெரிய பழம்பொருள் கடை வைத்திருப்பவர்; பின்னால் தகரக் கொட்டகையில் பதினாலு பேர் வேலை. மீனலோசனி அவர்களை உட்கார வைத்து நாலு பக்கச் சம்மதப் படிவத்தை வாசித்தாள். ஊதுவதும் ஊதாததும் அவரவர் இஷ்டம். யாருடைய முடிவும் முதலாளிக்குத் தெரியாது. நடுவில் வேண்டாம் என்றாலும் விலகிக்கொள்ளலாம். வாசித்து முடித்தாள். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

அழகம்மாள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "என்னண்ணே பாக்குறீக? மர வேலை முத்தையா சம்சாரம்தானே நான். தப்பான எடத்துல கையெழுத்துப் போடச் சொல்வேனா? போடுங்க."

போட்டார்கள். பதினாலும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. படித்துவிட்டு வந்தால் போதுமா, பார்த்துக்கொள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் மீனலோசனி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கோவிச்சுக்காதீக. நீங்க சொன்னீகன்னு போட்டா அது அவுக சம்மதம் இல்ல. நாளைக்கு நான் போயி ஒவ்வொருத்தருக்கும் தனியா வாசிச்சுக் காட்டிட்டு, திரும்ப வாங்கிட்டு வாரேன்."

"அப்ப நான் சொன்னது பொய்யா?"

"பொய்யில்லக்கா. ஆனா அவுக உங்களை நம்பிப் போட்டாக. படிவத்தை நம்பிப் போடல."

அழகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் புதிய பேருந்து நிலையம் வரும்வரை திரும்பவில்லை. அந்தப் பெண் சொன்னது சரியென்று பட்டதுதான் அவளுக்கு ஆகவில்லை.

மறுநாள் புதிய கையெழுத்துகள் வந்தன. ஊதவும் செய்தார்கள். மெஷின் போட்டுத் தேய்க்கிற பூமிநாதன், முப்பத்தெட்டு வயது ஆள், கதவை ஒற்றையாகத் தோளில் தூக்குகிறவர். அவர் ஊதியதைக் கேட்டதுமே அழகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் எடுத்த எடுப்பில் வரவில்லை. முடிவில், வாய் சரியாக மூடாத புட்டியில் காற்றுப் போகிற மாதிரி ஒரு கீச்சு. மூன்று தடவையும் அதேதான். முதல் நொடியில் வரவேண்டியதில் பாதிதான் வந்தது.

"ஓனருக்குத் தெரியாதுல்ல?" என்று பூமிநாதன் கேட்டார்.

"தெரியாதுண்ணே" என்றாள் மீனலோசனி. "நீங்க மட்டும் வெள்ளிக்கிழமை டாக்டரப் பாத்திருங்க. மருந்து எடுத்தா நல்லா ஆகும்."

அடுத்த வாரம் நாச்சியப்பன் தன் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துவந்தார். ஆச்சி உள்ளே இருக்கையில் படிக்கட்டுப் பக்கம் அழகம்மாளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன அழகம்மா, மீனா இருக்கே, எங்க வலையபட்டிப் பொண்ணு. சின்ன வயசுலயே என்ன விவரம். எங்க பட்டறையில எல்லாரையும் ஊத வச்சிருச்சே."

"ம்" என்றாள் அழகம்மாள்.

"நீங்க அதுக்கு ஒத்தாசையாப் போறீகளாம்ல? நல்லது நல்லது. எங்க ஆளுகளுக்கு நெஞ்சு எப்படி இருக்குன்னு கேட்டேன், சொல்லவே மாட்டேனுருச்சு. சரி, உங்ககிட்ட கேட்டு என்ன ஆகப் போகுது. மெஷின் சொல்றது உங்களுக்கு எங்க தெரியும்."

அதற்கு அவள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மாடிப்படிக்குக் கீழே பல்பு மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பார்த்திருக்கலாம்.

"தெரியாதா?" என்றாள். "எனக்கு மெஷினே வேண்டாம்ண்ணே. அங்க நடந்த ஊதல்ல பாதி நான் ஊத வச்சது. சத்தத்தை வச்சே சொல்லிருவேன். உங்க பட்டறையில மெஷின் புடிச்சுத் தேய்க்கிறாரே..."

அவ்வளவுதான் சொன்னாள். அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு, பூமியா?" என்றார் நாச்சியப்பன்.

அவள் பதில் சொல்லவில்லை. 'இல்லை' என்றும் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நாலு நாள் கழித்துப் பூமிநாதனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "உடம்பப் பாத்துக்கப்பா. தூசிக்குள்ள உன்னைய வச்சுக்கிட்டு நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல" என்றாராம் நாச்சியப்பன். சேதி பட்டறைக்குப் பட்டறை போனது. மறுநாள் இன்னொரு பட்டறையில் மீனலோசனியை ஊதுகிற மெஷினைப் பிரிக்கவே விடவில்லை. முதலாளியும் அந்தப் பெண்ணும் ஒரே ஊர், ஒரே கூட்டம், உள்ளுக்குள் பேசிக்கொண்டார்கள், நமக்கு நாலு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டு அங்கே போய்ச் சொல்லிவிட்டாள் என்று பேச்சு. ஊதியவர்களில் பதினோரு பேர் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார்கள்.

டாக்டர் மீனலோசனியைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் படிக்கட்டுக்குக் கீழே எல்லாம் கேட்கும்.

"நான் சொல்லல சார்."

"பின்ன அவருக்கு எப்படித் தெரியும்? கமிட்டிக்கு நான் என்னன்னு எழுதறது? நாளை வரைக்கும் பாப்போம். இல்லைன்னா உன்னை இதுலேருந்து எடுத்துட்டு, ஆய்வை நிறுத்துறதா எழுதறதத் தவிர வேற வழியில்ல."

அழகம்மாளுக்கு இனித்தது. இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அதிகாலைக் காப்பியின் முதல் வாய் மாதிரி நெஞ்சுக்குள் இறங்கி இனித்தது. டாக்டர் அந்தக் குரலில் இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் ஒருதரம்கூடப் பேசியதில்லை.

கொஞ்ச நேரத்தில் மீனலோசனி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. நோட்டைத் திறந்து, பூமிநாதன் ஊதிய நாளிலிருந்து யார் யாரிடம் பேசினோம் என்று தேதிவாரியாக எழுத ஆரம்பித்தாள். பெற்ற தாயின் பெயரைக்கூட எழுதினாள்.

"என்ன பண்றே?" என்றாள் அழகம்மாள்.

"எங்கயோ வாய் தவறிச் சொல்லிருக்கேன் போலக்கா. எங்கன்னு தெரியல. தேடுறேன்."

இனிப்பு அப்போதுதான் நாக்கில் புளிக்க ஆரம்பித்தது. ஆனாலும் அழகம்மாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வாசலில் பூமிநாதனின் மனைவி சின்னத்தாயி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரத் தயங்கி, அவளுக்காகவே காத்திருந்தவள்.

"மதினி, உங்கள நம்பித்தான் அவரு மொதல்ல கையெழுத்துப் போட்டாரு. அந்தப் பொண்ணு பண்ணுன வேலைக்கு நீங்க என்ன செய்வீக. எனக்கு ஒன்னே ஒன்னு செய்யுங்க. இன்னொரு தடவை ஊத வச்சு நல்லாயிருக்குன்னு ஒரு தாள் குடுங்க. மெஷின் தப்பாக் காட்டிருச்சுன்னு சொல்லி முதலாளிகிட்ட காட்டுனா சேத்துக்குவாரு."

"ஊதுனா அதேதான்த்தா வரும்."

"அவரு ஊத வேண்டாம். என் தம்பி ஊதட்டும். பேரு மட்டும் அவரு பேரு போடுங்க."

முடியாத காரியமில்லை. பெயர், வயது, உயரம் தட்டிவிட்டு வேறொருவனை ஊத வைத்தால் மெஷினுக்கு என்ன தெரியும். பூமிநாதனுக்கு வேலை திரும்பும். மெஷினைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்கிற பெயரும் மீனலோசனிக்குச் சேரும். தன் பெயர் எங்கேயும் வராது. சின்னத்தாயி கும்பிடுவாள். அழகம்மாள் இதையெல்லாம் வாசல் வேப்பமரத்தடியில் நின்று நிதானமாக யோசித்தாள். யோசிக்கவே இல்லை என்று பின்னால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கீச்சு காதில் இருந்தது. நல்லாயிருக்கிறது என்று தாள் கொடுத்தால் அந்த மனுஷன் சந்தோஷமாகப் போய் அதே தூசிக்குள் நின்று மெஷினைப் பிடிப்பார். மருந்தும் எடுக்க மாட்டார். அவள் வாழ்க்கையில் நிச்சயமாகத் தெரிந்தது என்று சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது, இந்தச் சத்தம் எதைச் சொல்கிறது என்பது. அதையே பொய்யாக்கிவிட்டால் அவளிடம் மாப்புதான் மிச்சம்.

"உள்ள வந்து உக்காரு" என்று சின்னத்தாயியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டரின் அறைக்குப் போனாள். மீனலோசனியும் அங்கே நோட்டோடு நின்றாள்.

"நாச்சியப்பன் அண்ணன்கிட்ட சொன்னது நான்தான் சார்."

டாக்டர் பேனாவை மூடினார். ஏன் என்று கேட்டார். வாய் தவறிவிட்டது என்று சொல்லத்தான் நினைத்து வந்திருந்தாள். வந்தது வேறு.

"அவுக இந்தப் பொண்ணப் பெருசாப் பேசுனாக. எனக்கு ஒன்னுந் தெரியாதுன்னாக. பொறுக்கல சார்."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "இனிமே இந்த ஆய்வுல நீ கிடையாது அழகம்மா" என்றார் கடைசியில். அழகு என்று சொல்லவில்லை.

பரவாயில்லை அக்கா என்று மீனலோசனி சொல்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை. நோட்டை மூடி, நேராகப் பார்த்து, "இத பட்டறையில வந்து நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாக" என்றாள்.

வெளியே பெஞ்சில் இருந்த சின்னத்தாயியிடம் அழகம்மாள் முதலில் சொன்னாள். சின்னத்தாயி எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தகரக் கொட்டகையில், சாத்தி வைத்திருந்த நிலைக்கதவுகளுக்கு நடுவே நின்று அழகம்மாள் எல்லோர் முன்பும் சொன்னாள். டாக்டரும் மீனலோசனியும் ஓரமாக நின்றார்கள். பூமிநாதன் கொட்டகைக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நாச்சியப்பன் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

சொல்லி முடித்ததும் ஒருவர் உப்புத்தாளைக் கீழே போட்டார். "நம்ம வீட்டுப் பொம்பளன்னுதானே போட்டோம்."

"முத்தையாகிட்ட சொல்லி வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் செஞ்சு தரச் சொல்லுங்க மதினி" என்றார் இன்னொருவர். "நல்ல தேக்குல."

சிலர் சிரித்தார்கள். அழகம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப முதலாளி பூமிய எதுக்கு நிறுத்துனாக?" என்று முதலில் பேசியவர் கேட்டார்.

எல்லோரும் திரும்பியதும் நாச்சியப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டார். "நான் எங்கப்பா நிறுத்துனேன். ரெஸ்ட் எடுக்கத்தானே சொன்னேன்."

"அப்ப நாளைக்கு வரலாமாண்ணே?" என்று வெளியிலிருந்து பூமிநாதன் கேட்டார்.

"வா, வா. வராம?" என்றார் நாச்சியப்பன்.

"தேய்க்கிற மெஷின் பக்கம் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். "மத்தவங்களுக்கும் தூசி வெளிய போக வழி பண்ணணும். அதைப் பத்தி உங்ககிட்ட தனியாப் பேசணும்."

பூமிநாதன் கதவுகளுக்குப் பித்தளைக் குமிழ் பூட்டுகிற வேலைக்கு மாறினார். வெள்ளிக்கிழமை வந்து மருந்து வாங்கிப் போகிறார். படிக்கட்டுப் பக்கம் வரும்போது அழகம்மாளைப் பார்த்துத் தலையசைப்பதோடு சரி. சின்னத்தாயி அதுவும் இல்லை. விலகிய பதினோரு பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை படிவத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, தாங்களே வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஆய்வில் யார் பெயர் வந்தாலும் அழகம்மாள் பெயர் வராது. அது அவளுக்குத் தெரியும்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. மார்கழியில் ஒருநாள் அவள் அறைக்கு வெளியே அட்டைக் குழாய்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மீனலோசனி ஒரு பத்தரை ஊத வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊதுகுழல்ல தீ அறுந்துரக் கூடாது பத்தரே. அறுந்தா பொடி ஒட்டாது. ஊதுங்க, ஊதுங்க."

அழகம்மாளின் கை நின்றது. தன் சொல், தன் ஏற்ற இறக்கத்தோடு. பத்தர் ஊதினார். சத்தம் நன்றாகத்தான் எழுந்தது. ஆனால் ஐந்தாவது நொடியில் ஒரு மயிரிழை தளர்ந்து மறுபடி பிடித்துக்கொண்டது. பழகாத காதுக்கு அது தெரியவே தெரியாது. தேறாது இது, என்று அழகம்மாள் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இது எங்கே தெரியப்போகிறது, விட்டுவிடுவாள் என்று ஒரு சின்ன ஆசையோடு காத்திருந்தாள்.

"கடைசியில கொஞ்சம் விட்டுட்டீக பத்தரே" என்றது உள்ளேயிருந்து குரல். "இது தேறாது. இன்னொரு தடவை ஊதுவமா?"

அழகம்மாள் குழாய்களைப் பார்த்தாள். எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.